ஆணுக்கு நீல டப்பா, பெண்ணுக்கு ரோஸ் டப்பா: எதிர்ப்புச் சக்தி பவுடர் வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். வீட்டில் கர்ப்பிணியோ, மூட்டுவாதத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களோ இருந்தால் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. இதே சரக்கு, ஏறக்குறைய இதே வாசகங்களோடு, நாலைந்து பெயர்களில் கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்.

ஆடிப்பெருக்குக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். காவிரிக்குப் படைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாமா மகன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், ஒரு பெரிய பையோடு வந்தார். ஆள் சேர்த்தால் கமிஷன் கிடைக்கும் அந்தச் சங்கிலி வியாபாரம்தான். ஆண்களுக்கு நீல டப்பா 1,150 ரூபாய், பெண்களுக்கு ரோஸ் டப்பா 1,050 ரூபாய், இரண்டுமே 300 கிராம். என் தம்பி உரக்கடை வைத்திருக்கிறான், சாயங்காலம் ஜிம்முக்கும் போவான், அவன் உடனே நீலத்தை எடுத்துக்கொண்டான். நான் சொந்தக்காரர் முகத்துக்காக ரோஸ் வாங்கினேன். அத்தான் கெட்டவர் இல்லை. ஒரு போகம் தண்ணீர் வராமல் போய், அடுத்த போகம் மழையில் மூழ்கி, கடனை அடைக்க இதில் இறங்கியவர். அவர் சொன்னதை அவரே நம்பித்தான் சொன்னார்.

சரி, பொருளைப் பற்றி. தம்பியின் நீல டப்பாவைத் திறந்ததும் கோகோ வாசனை நன்றாகத்தான் வருகிறது. சூடான பாலில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் மேலே நுரை மாதிரி நிற்கும், முழுசாகக் கரையாது. கடைசி இரண்டு மடக்கில் திப்பி அத்தனையும் தொண்டையில் உரசிக்கொண்டு இறங்கும், அப்போதுதான் கோகோவுக்கு அடியில் ஒளிந்திருந்த அமுக்கராக் கிழங்கின் கசப்பு தெரியும். ஐப்பசி ஈரத்தில் நீல டப்பா இறுகிக் கல்லாகிவிட்டது. தம்பி கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி உடைத்துத்தான் எடுத்தான்.

நீல டப்பாவில் போட்டிருக்கும் பொருட்கள் அமுக்கரா, நெருஞ்சில், பூனைக்காலி விதை, துத்தநாகம், வைட்டமின் டி. ரோஸில் தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா சாறு, இரும்புச் சத்து. எது எவ்வளவு கிராம் என்று இல்லை, 'சிறப்புக் கலவை' என்று மட்டும் இருக்கிறது. முன்பக்கம் பெரிய தமிழ் எழுத்தில், ஆண் ஹார்மோனை உயர்த்தி வைரஸை விரட்டும் என்று இருக்கிறது. பின்பக்கம் எறும்பு அளவு ஆங்கில எழுத்தில், இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று இருக்கிறது. சட்டப்படி அப்படிப் போட்டாக வேண்டும், போட்டுவிட்டார்கள். நம்பச் சொல்லும் வாசகம் தமிழில், நம்பாதே என்று சொல்லும் வாசகம் ஆங்கிலத்தில். என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். அதனால் அந்த முன்பக்க வரியைப் பார்த்ததுமே உறுத்தியது. ஹார்மோனுக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சம்பந்தம் நிறைய இருக்கிறது. ஆனால் டப்பாக்காரர் சொல்கிற திசையில் இல்லை.

கொரோனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் பல நாடுகளிலிருந்து 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். தொற்று வந்தவர்களில் ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி. தீவிர சிகிச்சைக்குப் போகிற வாய்ப்பு மட்டும் ஆண்களுக்கு ஏறக்குறைய 3 மடங்கு, இறக்கிற வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு. பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதையெல்லாம் தாண்டி, உடம்பு வைரஸை எதிர்கொள்ளும் விதத்திலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் காப்பாற்றும் என்றால், அது அதிகமாக இருக்கிற ஆண்கள் ஏன் அதிகமாகச் செத்தார்கள்? அத்தானிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இதை என் வகுப்பில் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொல்கிறேன். ராத்திரி ஆற்றங்கரையில் உடைப்பு எடுத்தால் முதலில் பார்த்தவன் ஊருக்குள் ஓடிவந்து கத்துவான், அந்தச் சத்தம் கேட்டுத்தான் மற்றவர்கள் மண்வெட்டியும் சாக்கும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். உடம்பில் அந்தக் கத்தல்தான் இன்டர்ஃபெரான். வைரஸ் நுழைந்ததை மோப்பம் பிடித்துக் கத்தச் சொல்லும் ஒரு புரதத்துக்கு டிஎல்ஆர்7 என்று பெயர். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. பெண்ணின் இரண்டில் ஒன்று பொதுவாக அடங்கிவிடும், ஆனால் இந்த மரபணு எதிர்ப்புச் செல்கள் சிலவற்றில் அடங்காமல் தப்பித்து இரண்டு பிரதியுமே வேலை செய்யும். அதற்கு மேல் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் வேறு அந்தச் செல்களைத் தூண்டிவிடுகிறது. அதனால் பெண்ணின் உடம்பில் அந்த முதல் கத்தல் பலமாக இருக்கும். நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களில், வேறு நோய் எதுவும் பெரிதாக இல்லாத நான்கு இளைஞர்கள் 2020இல் கொரோனா முற்றி வென்டிலேட்டர் வரை போனார்கள், ஒருவர் இறந்துவிட்டார். சோதித்தால் நான்கு பேருக்கும் இந்த ஒரே மரபணுவில்தான் பழுது. எக்ஸ் ஒன்றுதான் என்பதால் பழுதை ஈடுகட்ட இன்னொரு பிரதி இல்லை. இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, என் இரண்டு பிள்ளைகளும் ஆண் பிள்ளைகள்.

அப்புறம், வழக்கமாகக் கிருமிகளை முடக்கும் ஆன்டிபாடியைத் தன் உடம்பே இன்டர்ஃபெரானுக்கு எதிராகச் செய்து அந்தக் கத்தலின் வாயைப் பொத்திவிடுவதும் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 கொரோனா நோயாளிகளில் 101 பேருக்கு அப்படி இருந்தது, அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள்.

டெஸ்டோஸ்டிரோன் என்ன செய்கிறது என்றால், பொதுவாக எதிர்ப்புச் செல்களைக் கொஞ்சம் அடக்கித்தான் வைக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களைப் பார்த்தார்கள். பெண்களைவிட ஆண்களுக்கு ஆன்டிபாடி குறைவாகவே உண்டானது, அந்த ஆண்களிலும் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்தவர்களுக்கு இன்னும் குறைவு. வேறொரு ஆய்வில் பெண்களுக்கு அரை டோஸ் ஃப்ளூ ஊசி போட்டே ஆண்களின் முழு டோஸ் அளவுக்கு ஆன்டிபாடி வந்தது. டப்பாவின் முன்பக்க வரியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தலைகீழாக இருக்கிறது.

அதற்காக, ஆண் ஹார்மோன்தான் எதிரி, அதைக் குறைத்துவிட்டால் போதும் என்று போனால் அதுவும் தப்பு. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி உதவுகிறது, புராஸ்டேட்டில் அந்த நொதியின் சுவிட்சைப் போடுவது ஆண் ஹார்மோன். அதனால் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும், ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளை கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சுவீடனில் என்சலுடமைட், அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் டிகாரெலிக்ஸ். இரண்டிலும் பலன் இல்லை. போதாததற்கு, நோய் முற்றிய ஆண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ரொம்பவும் குறைந்துதான் கிடந்தது, உடம்பு நொந்துபோனால் அது தானாக இறங்கிவிடும். 2003இல் வந்த சார்ஸ் வைரஸை எலிகளுக்குக் கொடுத்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பார்த்தபோது ஆண் எலிகள்தான் அதிகம் செத்தன, ஆனால் விரையை எடுத்துவிட்டும் அவை பிழைக்கவில்லை. பெண் எலிகளுக்குச் சினைப்பையை எடுத்தபோதோ, அதுவரை பிழைத்துக்கொண்டிருந்தவை சாக ஆரம்பித்தன. அதாவது அந்த எலிகளில் வேலை செய்தது ஈஸ்ட்ரோஜனின் காவல்தான்.

இவ்வளவு சிக்கலான விஷயம். ஹார்மோனை நேரடியாக, அளந்து, மருத்துவமனையில் வைத்து மாற்றியவர்களுக்கே நினைத்த பலன் கிடைக்கவில்லை. எவ்வளவு கிராம் என்றுகூடப் போடாத ஒரு கோகோ பவுடர் இதைச் செய்யும் என்று எந்த தைரியத்தில் அச்சடித்தார்கள்?

இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்துக்கு இப்போதுதான் வருகிறேன். ஐப்பசி கடைசியில் தம்பிக்கு ஜுரம். கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு வலி, 103 டிகிரி. வா, டாக்டரைப் பார்க்கலாம் என்று முதல் நாளே சொன்னேன். "அக்கா, மூணு மாசமா பவுடர் குடிக்கிறேன், எதிர்ப்புச் சக்தி இருக்கு, ரெண்டு நாள் பாத்துக்கலாம்" என்றான். அத்தானும் போனில் ஒரு வேளைக்கு இரண்டு ஸ்பூனாகப் போடச் சொல்லியிருக்கிறார். நான்காம் நாள் காலையில் ஜுரம் விட்டுவிட்டது. "பாத்தியாக்கா, பவுடர் வேலை செய்யுது" என்று அவனே எனக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னான்.

அவனுக்கு வந்தது டெங்கு. டெங்குவில் ஜுரம் விடுகிற அந்த நேரம்தான் ஆபத்து ஆரம்பிக்கிற நேரம். தெரியாதவர்கள் தயவுசெய்து இந்த ஒரு வரியையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிப்பது அப்போதுதான். சாயங்காலம் வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. நான் போய்ப் பார்க்கும்போது திண்ணையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கூப்பிட்டால் பதில் வர நேரம் எடுத்தது, கையைத் தொட்டால் ஐஸ். பக்கத்து வீட்டுக் காரில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். தட்டணுக்கள் 31,000. அதைவிட ரத்த அழுத்தம் இறங்கியிருந்ததைப் பார்த்துத்தான் டாக்டரம்மா முகம் மாறியது. சலைன் போட்டு, ஒரு மணிக்கொரு தரம் வந்து நாடி, அழுத்தம், சிறுநீர் எல்லாம் குறித்துக்கொண்டே இருந்தார்கள் அந்த நர்ஸ்கள், விடிய விடிய. அவர்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

டெங்கு வந்தது பவுடரால் இல்லை. அவன் கடைக்குப் பின்னால் கிடந்த பழைய டயர்களிலும் பெயிண்ட் டப்பாவிலும் தேங்கிய தண்ணீரில் பெருகிய கொசுவால் வந்தது. ஆனால் நான்கு நாள் போனது டப்பாவின் அந்த வரியால். முதல் நாளே டெங்குவைக் காட்டும் என்எஸ்1 ரத்தச் சோதனை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், பாரசிட்டமாலும் நீர் ஆகாரமுமாக வைத்துத் தினம் ரத்தம் பார்த்துக்கொண்டே வந்திருக்கலாம்.

ரோஸ் டப்பாவுக்கு வருகிறேன். அதில் இருக்கும் வாசகம், பெண் ஹார்மோனைச் சமன் செய்து எதிர்ப்புச் சக்தியைப் பல மடங்கு பெருக்கும் என்பது. பெண்ணின் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே பலமானது, அந்தப் பலத்துக்கு அவள் கொடுக்கும் விலையும் பெரியது. உடைப்பை அடைத்த பிறகும் மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தால் வாய்க்காலே தூர்ந்துபோகும் இல்லையா, அந்த மாதிரி. தன் உடம்பையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்க்காரர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். லூபஸ் என்ற நோயில் பத்துக்கு ஒன்பது.

2006இல் சிக்குன்குனியா வந்தது நம் பக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும், தெருவுக்குத் தெரு ஆட்கள் குனிந்துகொண்டே நடந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே வாரத்தில் வந்தது. அப்பா மூன்றாவது வாரம் நடவுக்கு வயலில் இறங்கிவிட்டார். அம்மாவால் ஒரு வருடத்துக்கு இடியாப்ப உரலைப் பிழிய முடியவில்லை. காலையில் விரல்கள் மடங்கவே மடங்காது, வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். வேலை செய்ய வளையவில்லை என்று அப்போது பேசியவர்கள் உண்டு, வெளியாட்கள் இல்லை, வீட்டு ஆட்களே. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலி ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிகம் என்று பிற்பாடு படித்தபோது முதலில் அம்மாவுக்குத்தான் போன் செய்து சொன்னேன். "அப்ப நான் நடிக்கல" என்றாள். கொரோனாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் அலுப்பும் மூச்சிரைப்புமாக இருப்பவர்களிலும் பெண்கள்தான் அதிகம்.

என் மாமியாருக்கு முடக்குவாதம், மூட்டுகளைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய். வாரம் ஒரு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, எதிர்ப்புச் செல்களை அடக்குவதற்காகவே கொடுப்பது. அவர்களுக்கும் சேர்த்து ஒரு ஸ்பூன் கலக்கச் சொன்னார் அத்தான். எதிர்ப்புச் சக்தியைப் பல மடங்கு பெருக்குவது நிஜமாகவே அந்த டப்பாவால் முடியும் என்று வைத்துக்கொண்டால், அத்தைக்கு அது விஷம். முடியாது என்றால் 1,050 ரூபாய் தண்டம். இரண்டில் எது என்றாலும் என் வீட்டில் அதற்கு இடமில்லை.

எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது ஒரு விஷயத்தில்தான். பக்கத்துத் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவளுக்கும் இதை விற்றிருக்கிறார். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டுமே பல மடங்கு ஏறி, எதிர்ப்புச் சக்தி வேறொரு ஒழுங்குக்கு மாறிவிடுகிறது, வயிற்றில் இருக்கும் பிள்ளையை உடம்பு அந்நியமாகப் பார்க்கக் கூடாது என்பதற்காக. இந்த மாற்றமும் ஒரு காரணமாக, சில வைரஸ்கள் கர்ப்பிணிகளிடம் மோசமாக நடந்துகொள்கின்றன. 1918 ஃப்ளூவிலும் 2009 பன்றிக்காய்ச்சலிலும் அப்படித்தான். குடிதண்ணீரில் கழிவு கலந்தால் வரும் ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வந்து போகும் மஞ்சள் காமாலை, கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் மட்டும் நூற்றுக்கு 20, 25 பேர் வரை உயிரை எடுக்கும் அளவுக்கு ஆபத்தானது. மழை வெள்ளம் வடியாத நம் ஊரில் அவளுக்குத் தேவை கொதிக்க வைத்த தண்ணீர், ஃப்ளூ தடுப்பூசி, கண் மஞ்சளானால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரோஸ் டப்பாவைக் குடிக்கிறோம், இனி பயமில்லை என்று அவள் மாமியார் என்னிடம் சொன்னபோது எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. நேராக அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன்.

பொருளுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். துத்தநாகமும் இரும்பும் குறைவாக இருப்பவர்களுக்கு அந்தச் சத்துகள் தேவைதான். ஆனால் இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ரத்தம் பார்த்து அளவு சொல்லிக் கொடுக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு என்று ரோஸ் டப்பாவைத் தனியாகச் சொல்லி விற்கிறார்கள், அத்தான் எனக்கும் அந்தக் கணக்கில்தான் கொடுத்தார். ஈஸ்ட்ரோஜன் குறைகிற அந்த வயதில் எதிர்ப்புச் சக்தியும் மாறுவது உண்மை. அதற்கு நான் செய்தது, வருடா வருடம் மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது.

கார்த்திகையில் அத்தானைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். முதலில் முறைத்தார், தம்பி ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லலம்மா, மீட்டிங்ல வேற மாதிரி சொன்னாங்க" என்றார். ரோஸ் டப்பா பிரிக்காமலே இருந்ததால் எடுத்துக்கொண்டு 1,050 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்பெனியில் பிரித்த டப்பாவுக்குப் பணம் திருப்ப மாட்டார்களாம், அதனால் நீலத்துக்கு நாங்கள் கேட்கவில்லை. கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டுக்கு மட்டும் அவரே என்னோடு வந்தார், டப்பாவை வாங்கிக்கொண்டு பணத்தைக் கையில் கொடுத்தார், இனிமேல் கர்ப்பிணிகளுக்கு விற்க மாட்டேன் என்று அவர்கள் வாசலில் நின்று சொன்னார்.

ஐந்துக்கு ஒரு மதிப்பெண். இந்த இணையதளம் பூஜ்யம் போட விடுவதில்லை.